118-ஆம் மரத்துக்கு நான் வைத்த பெயர்

மார்ச் 3, செவ்வாய்

கோந்தக்கா இன்று லீவு. தாளில் ஒட்ட வேண்டிய காய்ந்த செடிகள் நாற்பது மேசையில் கிடந்தன. நானே ஏழு ஒட்டினேன். ஏழும் கோணல். இருபது வருஷமாக இந்தத் தாவரத் தோட்டக் காப்பகத்தில் செடி ஒட்டுகிற கை அவளுடையது, பெயர் மட்டும் எழுதுகிற கை என்னுடையது. நாளைக்கு வந்து பார்த்து, "தலைமை ஆய்வாளர் கைவண்ணமா?" என்று கேட்டுச் சிரிக்கப் போகிறாள்.

வீட்டில் வாலு ஃப்ரிட்ஜுக்குள் இருந்த தைலமரக் கொப்பைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள். "தயிருக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்காம்மா? தைல வாசனை அடிக்குது." பன்னிரண்டு வயசுக்கு வாய் ரொம்ப நீளம். இவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார். பல் செட் செய்கிறவர் சிரித்தால் எல்லாப் பல்லும் தெரிகிறது.

மார்ச் 5, வியாழன்

மத்தியானம் ஒன்றேகால். காற்று ஒரு பொட்டு இல்லை. மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மடாரென்று ஒரு சத்தம். லாரியில் ஏதோ கொட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் அலறல்.

தெற்கு வாசல் பக்கம் 118-ஆம் எண் தைலமரம். அதிலிருந்து ஒரு கிளை. கிளை என்றால் கிளையா, அதுவே ஒரு மரம் கனம் — நேராக பெஞ்சின் மேல். பெஞ்சில் எதிர்த்தெரு தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்காருகிற பெண். தினமும் மத்தியானம் இங்கே வந்துதான் சாப்பிடுவார். நான் பார்சல் அனுப்பப் போனால், "மறுபடியும் இலையா?" என்று கேட்கிறவர்.

தோட்ட மேஸ்திரியும் இன்னும் நான்கு பேரும் கிளையைத் தூக்கிப் பிடிக்க, நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மயக்கம் இல்லை. "செருப்பு ஒண்ணைக் காணோம், செருப்பு ஒண்ணைக் காணோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்ஸ் போன பிறகும் மேஸ்திரி மரத்தடியிலேயே நின்றார். மேலே பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். ஏன் அப்படிப் பார்த்தார்?

மார்ச் 6, வெள்ளி

உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில், வலது தொடை ஒரு இடத்தில். அறுவை சிகிச்சை நேற்று மாலையே நடந்துவிட்டது.

இயக்குநர் அறையில் கூட்டம். "118-ல ஏன் கிளை கழிக்கல?" என்று கேட்டார். மேஸ்திரி ஒரே வரிதான் சொன்னார்: "பட்டியல்ல இல்ல சார்."

அந்தப் பட்டியல் என்னுடையது. அதை இங்கே எழுதி வைக்கிறேன், என் மனசுக்காவது தெளிவாக இருக்கட்டும். இந்தத் தோட்டத்திலும் நகரத்துப் பொது இடங்களிலுமாக 412 தைலமரங்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் எண் அடித்து, இனம் பார்த்துப் பெயர் எழுதியது நான். வெளியில் எல்லோருக்கும் அது வெறும் தைலமரம். உள்ளே வந்தால் எழுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள். எங்கள் வளாகத்தில் பெரும்பாலும் இரண்டுதான், பேச்சில் ஆற்றுச் சிவப்பு என்போம், காட்டுச் சிவப்பு என்போம். அறுத்தால் இரண்டுக்கும் உள்மரம் சிவப்பு. தோல் உரியும் விதம், இலை தொங்கும் விதம் எல்லாம் அக்கா தங்கை மாதிரி. ஆனால் ஆற்றுச் சிவப்பு கடும் வெயிலில், காற்றே இல்லாமல், நன்றாக இருக்கிற கிளையைக்கூடத் திடீரென்று முறித்துப் போடும். அதனால் அந்த இனத்துக்கு மட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிளை கழிக்க வேண்டும், அடியில் பெஞ்சு கூடாது என்று விதி.

118-க்கு எதிரே நான் எழுதியிருந்தது காட்டுச் சிவப்பு.

மார்ச் 9, திங்கள்

மேஸ்திரியைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விசாரணைக் குழு வருகிறது. "எந்த மரமா இருந்தா என்ன? பெஞ்சுக்கு மேல அவ்ளோ பெரிய கிளை. முப்பது வருஷம் மரத்தோடயே இருக்கற மனுஷனுக்குத் தெரிய வேணாமா?" என்கிறார் இயக்குநர். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே இருக்கிறவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மேஸ்திரிக்கு ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம்.

மார்ச் 10, செவ்வாய்

118-இன் இலை ஒட்டி வைத்த தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். நாளைக்கு.

மார்ச் 11, புதன்

பார்க்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

விழுந்த கிளையை இன்று ரம்பம் போட்டு அறுத்து எடுத்துப் போனார்கள். போவதற்கு முன் ஒரு கொப்பு ஒடித்துக்கொண்டேன். மொட்டு இல்லை. மொட்டு இருந்திருந்தால் இந்த நிமிஷமே தெரிந்திருக்கும்.

தைலமரத்துப் பூவுக்கு இதழ் கிடையாது. மொட்டின் தலையில் தொப்பி மாதிரி ஒரு மூடி. அது கழன்று விழுந்தால் உள்ளே சுருண்டிருக்கிற மகரந்தத் தாள்கள் விரிந்து, அதுதான் பூ. அந்த மூடி காட்டுச் சிவப்பில் நீளமாக, கொம்பு மாதிரி கூராக இருக்கும். ஆற்றுச் சிவப்பில் உருண்டையாக இருந்து, நுனியில் மட்டும் கிளி மூக்கு போலச் சட்டென்று குறுகும். சின்னப் பிள்ளைக்குக்கூடக் காட்டிக் கொடுக்கலாம்.

இதில் காய் மட்டும்தான் இருக்கிறது. அரை உருண்டைக் காய், வாய் ஓரத்தில் நான்கு பல் வெளியே நீட்டியபடி. இரண்டு இனத்துக்கும் காய் இப்படியேதான். இனி விதை ஒன்றுதான் வழி. காய்களைக் காகித உறையில் போட்டு ஜன்னலில் வெயில் படும்படி வைத்திருக்கிறேன். காய்ந்தால் தானாக வாய் திறக்கும்.

கோந்தக்கா உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பது ரொம்ப அபூர்வம்.

மார்ச் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்றாவது மாடி, கடைசிக் கட்டில். காலில் கம்பி. தபால்காரம்மா என்று வார்டில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். வந்து பத்து நாளில் அத்தனை பேரையும் கைக்குள் போட்டுக்கொண்டுவிட்டார். அவர் தங்கை பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க, இலை மேடம்," என்றார். சிரிக்கப் பார்த்து வலியில் நிறுத்தினார். எலும்பு கூடினாலும் நடை எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாதாம். "கவுண்டர்ல உக்காந்து பாக்கற வேலைதானேங்கறாங்க. உக்கார்றதே இடுப்பாலதானே?"

அப்புறம் கேட்டார். "அந்த மரத்துக்கு என்ன பேரு மேடம்? தைலமரம்னு தெரியும். அதுல என்ன மரம்? ஆறு வருஷமா அது நிழல்லதான் சாப்பிட்டேன்."

நான் — இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

"போயிட்டு வாங்க," என்றார். "வரும்போது சொல்லுங்க."

மார்ச் 16, திங்கள்

காய் திறந்துவிட்டது.

வெள்ளைக் காகிதத்தில் தட்டினேன். முக்கால்வாசி பதர், தூசு மாதிரி. பதரை ஊதிவிட்டு, நடுவில் கிடந்ததை லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

காட்டுச் சிவப்பின் விதை கறுப்பு. இது மஞ்சள்.

பக்கத்து ஜன்னலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். மஞ்சள்தான்.

மார்ச் 17, செவ்வாய்

தாளை எடுத்தேன்.

என்ன எதிர்பார்த்தேன் என்று உண்மையாகவே எழுதுகிறேன். கிளை மாறியிருக்கலாம், எண் பலகை மாறியிருக்கலாம், அன்றைக்கு நான் பார்த்தது வேறு மரமாக இருக்கலாம். இப்படி ஏதாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்றுதான் அலமாரியைத் திறந்தேன்.

தாளில் நான்கு இலை. என் கையெழுத்து, சின்ன வயசுக் கையெழுத்து, இப்போதைவிட அழகு. "எண் 118. காட்டுச் சிவப்பு. மொட்டு கிடைக்கவில்லை. காய் உறையில்." தாளின் மூலையில் தபால்தலை அளவுக்கு மடித்து ஒட்டிய காகித உறை. மடிப்பு மேல் மடிப்பு, கோந்தக்கா ஒட்டியபடியே. யாரும் பிரித்ததில்லை.

பிரித்தேன். காய்கள் எப்போதோ வாய் திறந்து உதிர்ந்திருந்தன. உறையின் அடியில் எட்டு விதை. எண்ணினேன். எட்டும் மஞ்சள்.

பதினோரு வருஷமா இதுக்குள்ளயேதான் இருந்திருக்கு. நான் பிரிச்சுப் பாக்கல. காயை எடுத்து, மடிச்சு, ஒட்டக் குடுத்து, பாக்காமலே பேரையும் எழுதிட்டேன். இலையைப் பார்த்தால் அப்படித் தோன்றியது, எழுதினேன். அவ்வளவுதானா? அவ்வளவுதான்.

மார்ச் 18, புதன்

பழைய நாட்குறிப்பைப் பரணிலிருந்து எடுத்தேன். அந்தத் தேதிக்கு என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்க்க. காய்ச்சலாக இருந்திருப்பேன், வாலு கைக்குழந்தை, ராத்தூக்கம் இல்லாமல் இருந்திருக்கும். ஏதாவது ஒன்று.

"இன்று 46 மரங்கள். நல்ல வெயில். சாயங்காலம் மூவரும் சினிமாவுக்குப் போனோம். வாலு நன்றாகத் தூங்கிவிட்டாள்."

காரணம் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

மேஸ்திரியின் அந்தப் பார்வை ஏன் என்று இன்று ஞாபகம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தபோது. குழாயை மூட மறந்து நின்றேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால். 118-இன் அடியில் பெஞ்சு போடப் போகிறார்கள். மேஸ்திரி என் மேசைக்கு வந்தார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. "மேடம், அந்த மரம் காட்டுச் செவப்பு மாதிரி நடந்துக்கல. வெயில்ல கொப்பு உதுக்குது. எனக்கென்னவோ அது ஆத்து மரம்னுதான் தோணுது. ஒரு தடவை வந்து பாத்துடுங்க."

நான் சொன்னது வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "மரம் நடந்துக்கறதை வெச்சுப் பேர் வைக்க முடியாது மேஸ்திரி. மொட்டை வெச்சுத்தான் வைக்கணும்." பக்கத்தில் இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மொட்டை நானும் பார்த்ததில்லை என்பது அப்போது எனக்கு ஞாபகமே வரவில்லை. போய்ப் பார்க்கவும் இல்லை. தாளை எடுக்கவும் இல்லை. ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். "118: இனம் உறுதி செய்யப்பட்டது. பெஞ்சு அமைக்கத் தடையில்லை." அலுவலகப் பிரதியை ஐந்து வருஷத்தோடு கழித்துவிடுவார்கள். அவரிடம் கொடுத்தது?

பெஞ்சு போட்டது நான்தான். கிளையை முறித்தது வெயில்.

மார்ச் 20, வெள்ளி

வேலை ஓடவில்லை. கோந்தக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பசை டப்பாவை மூடிவிட்டுக் கேட்டாள். "அந்த உறையை ஒட்டினவ நான்தான். அன்னைக்கு நானாவது 'பிரிச்சுப் பாத்தீங்களா'ன்னு கேட்டிருக்கலாம்ல?"

"அது உன் வேலை இல்லையே."

"கேக்கறதுக்கு வேலை வேணுமா?" என்றாள்.

மார்ச் 22, ஞாயிறு

மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். பேக்கரிக்கு மேலே இரண்டு அறை. படியேறும்போதே ரொட்டி வாசனை. அவர் மனைவி கதவைத் திறந்தார், "வாங்க" என்று சொல்லவில்லை, ஒதுங்கி வழிவிட்டார். மேஸ்திரி தரையில் உட்கார்ந்து மிக்ஸியைக் கழற்றிப் பரப்பியிருந்தார். சும்மா உட்கார முடியாத கை.

உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். "விதை மஞ்சள், மேஸ்திரி. நீங்க சொன்னதுதான் சரி."

"தெரியும்," என்றார். திருப்புளியைக் கீழே வைக்கவில்லை.

"நான் எழுதிக் குடுத்த கடிதம்?"

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். அவருடைய பணி ஆணை, மகள் பிறந்த சான்றிதழ், நடுவில் என் துண்டுக் காகிதம். மடிப்புக் கலையாமல்.

"இதை அன்னைக்கே கூட்டத்துல காட்டியிருக்கலாமே?"

"காட்டியிருக்கலாம். வீட்ல தெனம் அதான் சண்டை." மனைவி சமையலறை வாசலில் நின்று, "பின்ன?" என்றார். மேஸ்திரி பழையபடி மிக்ஸி முன்னால் உட்கார்ந்தார். "இருபது வருஷம் ஒரே வாசல்ல போயிட்டு வந்திருக்கோம் மேடம். நீங்களா வருவீங்களான்னு பாத்தேன்."

"வரலைன்னா?"

"விசாரணை அன்னைக்குக் காட்டியிருப்பேன்," என்றார் பளிச்சென்று. "நான் ஒண்ணும் மகான் இல்ல."

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவர் மனைவி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நங்கென்று வைத்தார்.

கிளம்பும்போது அந்தக் காகிதத்தைத் தொட்டேன். அவர் உறையை இழுத்துக்கொண்டார். "இது என்கிட்டயே இருக்கட்டும். நீங்க வாயால சொல்லிட்டா இதுக்கு வேலை இல்ல."

மார்ச் 23, திங்கள்

இயக்குநரிடம் போனேன். விதையைக் காட்டினேன். லென்ஸில் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கதவைச் சாத்தினார்.

"ஒண்ணு தப்புன்னா 412-ம் சந்தேகம்னு ஆயிடும், புரியுதா? உங்க பேர்ல இருக்கற ஒவ்வொரு தாளும். நாலு நாட்டுலேருந்து உங்க தாளைப் பாத்துத்தான் பேர் வைக்கறாங்க. குழு கேக்காததை நாமளா ஏன் சொல்லணும்? மேஸ்திரிக்கு நான் பாத்துக்கறேன். எச்சரிக்கையோட முடிச்சு, ஓய்வுக்கு ஒண்ணும் வராம பண்ணிடலாம்."

"அவர் மேல தப்பே இல்லையே சார்."

"அது எனக்கும் தெரியும்," என்றார். முகம் வாடியிருந்தது. "ஒரு வாரம் யோசிங்க."

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் 'சரி சார்' என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

மார்ச் 25, புதன்

பயம். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. வெறும் பயம்.

மார்ச் 27, வெள்ளி

இவரிடம் சொன்னேன். பட்டறையில் யாருடையதோ கீழ்த்தாடையைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டுக் கேட்டார், முழுசாக.

"எனக்கு ஒரு பல் அளவு தப்பினா ஆள் மறுநாளே வந்து வாசல்ல நின்னு கத்திட்டுப் போவான். நானும் தேய்ச்சுக் குடுத்துடுவேன். உன் மரம் பதினோரு வருஷம் ஒண்ணும் சொல்லல. அதான் உனக்கு வந்த கஷ்டம்."

"அதுதான் சொல்லிச்சே. கொப்பு உதுத்துச்சு. மேஸ்திரி கேட்டார், நான் கேக்கல."

தாடையைக் கீழே வைத்துவிட்டு, "வேலை போயிடுமா?" என்றார்.

"போகலாம்."

"சரி. ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சு," என்று மறுபடி தாடையை எடுத்துக்கொண்டார். இந்த மனுஷன்தான் என் வாழ்க்கையில் நான் சரியாகக் கண்டுபிடித்த இனம்.

மார்ச் 30, திங்கள்

குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம். இயக்குநருக்குப் பிரதி. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

ஏப்ரல் 2, வியாழன்

விசாரணை. மூன்று பேர். நீளமான மேசை. மேஸ்திரி சுவரோர நாற்காலியில், சலவைச் சட்டையில், வேறு யாரோ மாதிரி.

இரண்டு காகிதத்தில் விதை எடுத்துப் போயிருந்தேன். ஒன்றில் கறுப்பு, ஒன்றில் மஞ்சள். மூவரும் லென்ஸை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் கேட்டார். "இதை அன்னைக்கே பாத்திருக்க முடியுமா?"

"முடியும்."

"எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"உறையைப் பிரிக்கற நேரம்தான்."

அப்புறம் பெஞ்சைப் பற்றிச் சொன்னேன். மேஸ்திரி வந்து கேட்டது, நான் சொன்ன பதில், சிரித்தது. சிரித்ததைச் சொல்ல வேண்டியதில்லை, குழுவுக்கு அது தேவையே இல்லை. சொன்னேன்.

வெளியே வந்ததும் மேஸ்திரி பாட்டிலை நீட்டினார். "தண்ணி குடிங்க மேடம்." பிளாஸ்டிக் உறை அவர் கக்கத்தில் இருந்தது. கடைசிவரை அதை எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

தபால்காரம்மாவிடம் நானே சொல்ல வேண்டும், வேறு யார் வாயாலும் தெரியக்கூடாது என்று போனேன். இப்போது தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருகிறார்.

மரத்தின் பெயரைச் சொன்னேன். அதற்கு நான் வைத்த பெயரையும் சொன்னேன். உறை, விதை, பெஞ்சு, எல்லாம். ஆரஞ்சு உரிக்கிற தங்கையின் கை நின்றுவிட்டது.

தபால்காரம்மா சொன்னார். "முகவரில ஒரு நம்பர் தப்பினா கடிதம் ஊரைச் சுத்திட்டுத் திரும்பி வரும். அதை எத்தனையோ தடவை பாத்திருக்கேன். இது திரும்பி வருமா மேடம்?"

வராது என்றேன்.

"சொன்னதுக்காக உங்களை நல்லவங்கன்னு நினைக்கணுமா நான்?"

"வேண்டாம்."

"போங்க," என்றார்.

போன தடவை 'போயிட்டு வாங்க' என்றவர். படியிறங்கும்போது அந்த ஒரு சொல்தான் கூடவே வந்தது. அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

ஏப்ரல் 20, திங்கள்

முடிவு வந்தது. மேஸ்திரி மேல் குற்றம் இல்லை, நிறுத்தி வைத்த நாட்களும் பணிநாட்களே. தபால்காரம்மாவின் சிகிச்சை முழுவதும் தோட்டத்தின் பொறுப்பு. என்னைத் தலைமை ஆய்வாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எழுத்தில் கண்டனம். 412 மரங்களையும் மறுபடி கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்புக்குப் பொறுப்பு மேஸ்திரி, பெயர் பார்ப்பது நான்.

கண்டனக் கடிதத்தை இயக்குநர் தானே கொண்டுவந்து கொடுத்தார். "மேசை மாத்த வேணாம். அந்த ஜன்னல் உங்களுக்குப் பழகினது," என்றார்.

மே 6, புதன்

முதல் நாள், மூன்று மரம். மேஸ்திரி நீளக் கழியில் கத்தி கட்டி, உச்சிக் கொப்பை இறக்குகிறார். அடிமரத்தில் துளிர்க்கிற இளம் இலையைத் தொடவே விடமாட்டேன் என்கிறார். அவர் சொல்வது சரி. இளம் இலை அகலமாக, எதிரெதிராக இருக்கும். முதிர்ந்தது அரிவாள் மாதிரி நீண்டு தொங்கும். ஒரே மரம், இரண்டு முகம். ஏமாறுகிறவர்கள் அதில்தான் ஏமாறுவார்கள்.

வெயிலில் தோல் உரிகிறது. எனக்கு. மரத்துக்கும்தான்.

ஜூன் 18, வியாழன்

97 மரம் முடிந்தது. பெயர் தப்பு மூன்று. மூன்றையும் நானே அடித்து எழுதினேன். அதில் ஒன்று ஸ்கூல் வாசலில். மேஸ்திரி அன்றைக்கே ஆள் வைத்துக் கிளையைக் கழித்தார். கேட் திறந்து பிள்ளைகள் வரும்வரை இரண்டு பேரும் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

ஜூலை 9, வியாழன்

இன்று பெரிய சண்டை. 164 இரண்டு இனமும் கலந்த கலப்பு என்று நான், இல்லை என்று அவர். மூடி கொம்பு மாதிரியும் இல்லை, கிளி மூக்கு மாதிரியும் இல்லை. விதை பழுப்பு. "உங்க புஸ்தகத்துக்கு முன்னாடியே இந்த மரம் இங்க இருக்கு மேடம்." "மரத்துக்கு முன்னாடியே அதோட அப்பா அம்மா இருக்காங்க மேஸ்திரி." கோந்தக்கா வந்து, "ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்ட பிறகுதான் பசி தெரிந்தது.

164: கலப்பு என்றே எழுதினோம். அவர் சம்மதித்த பிறகு.

ஆகஸ்ட் 14, வெள்ளி

தபால்காரம்மா வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று கோந்தக்கா சொன்னாள். ஊன்றுகோலோடு. பார்சல் அனுப்ப இப்போது அவளைத்தான் அனுப்புகிறேன். எனக்குப் போகத் தைரியம் இல்லை.

செப்டம்பர் 24, வியாழன்

மத்தியானம். நீர்த்தொட்டிப் பக்கம் மேஸ்திரியும் நானும் 231-இல் இருந்தோம். அவர் கழியில் கொப்பை இறக்கிக்கொண்டிருந்தார், நான் மொட்டை லென்ஸில் வைத்திருந்தேன். டக், டக் என்று சத்தம். திரும்பினால் தெற்கு வாசல் பாதையில் தபால்காரம்மா, ஊன்றுகோலோடு, தனியாக.

மொட்டு கீழே விழுந்துவிட்டது.

பத்தடி தள்ளியே நின்றார். மரங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தார். 118 இருந்த இடத்தில் இப்போது அடிக்கட்டை மட்டும்தான். அதையும் பார்த்தார்.

"எல்லாத்தையும் மறுபடி பாக்கறீங்கன்னு கோந்தம்மா சொன்னாங்க," என்றார். என்னைப் பார்த்தா, மேஸ்திரியைப் பார்த்தா என்று தெரியவில்லை.

"ஆமா," என்றேன்.

"கால் கடுக்குது. வெயிலா வேற இருக்கு." ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "எங்க உக்காரலாம்னு சொல்லுங்க."

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்தேன். 96. காட்டுச் சிவப்பு, அடியில் பெஞ்சு. மொட்டு பார்த்தது, விதை பார்த்தது, கிளை கழித்தது, மூன்றுக்கும் தேதி இருந்தது. மேஸ்திரி அதற்குள் 96-இன் அடிக்குப் போய், கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தலையாட்டினார்.

"அங்க உக்காரலாம்," என்றேன். "நிழல் கொஞ்சம் கம்மிதான்."

மெதுவாக நடந்து போய் உட்கார்ந்தார். ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்தார். நான் பதிவேட்டை மார்போடு பிடித்தபடி மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்களும் உக்காருங்க," என்றார்.